சாரம் கட்டிய துளைகள்

மே 13, கான்வி

மகள் மான்செஸ்டரிலிருந்து காரில் கூட்டி வந்தாள். வட வேல்ஸில் நான்கு நாள். ஆற்றைக் கடக்கும்போதே கோட்டை முழுசாகத் தெரிந்துவிட்டது. எட்டு உருண்டைக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 21 மீட்டர். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கையோடு 1283இல் ஆரம்பித்து, 1287க்குள் முக்கால்வாசிக்கு மேல் முடித்துவிட்டார்கள். அதுவும் குளிர்காலத்தில் சாந்து உறைந்துவிடும் என்று கொத்து வேலையை நிறுத்திவிடுகிற காலம்.

பழக்க தோஷம், முதலில் அஸ்திவாரத்தைப் பார்க்கப் போனேன். தோண்டிப் போட்ட அஸ்திவாரமாகத் தெரியவில்லை. பாறை முதுகின் மேலேயே முதல் வரிசைக் கல்லை உட்கார வைத்திருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

மே 14, கான்வி

இன்றைக்கு முழுக்கத் துளைகள்தான்.

கோபுரச் சுவரில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். சாரக் கட்டைகளைச் செருகிய இடங்கள். நம் சைட்டில் சாரம் கட்டினால் இவை ஒரே மட்டத்தில் வரும். இங்கே சாய்வாக, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறுகின்றன. அதாவது சாரமே சரிவுப் பாதை! ஏணி வேண்டாம், கல்லை இழுத்துக்கொண்டே கோபுரத்தைச் சுற்றி ஏறிவிடலாம். தலைமை மேஸ்திரி ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவாய் நாட்டிலிருந்து வந்தவர். அந்தப் பக்கத்துக் கோட்டைகளிலும் இதே சாய்வு வரிசை உண்டு. கையெழுத்து மாதிரி.

கைக்கு எட்டிய ஒன்றில் விரலை விட்டேன். ஈரம், ஒரு நூலாம்படை, உள்ளே பொடிப்பொடியாகச் சாந்து. "அப்பா, எல்லாரும் மேல போய் கடலைப் பார்க்கிறாங்க, நீங்க ஓட்டையைப் பார்க்கிறீங்க" என்றாள் மகள். சரி என்று மேலே ஏறினேன். முழங்கால் திட்டியது. எட்டில் நான்கு கோபுரங்களின் தலையில் மட்டும் குட்டிக் கோபுரம். அந்த நான்கும் ராஜா தங்கும் உள்முற்றத்தைச் சுற்றி நிற்பவை.

சாயங்காலம் ஊர் மதில். 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள். ஓரிடத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பிடங்கள், மதிலுக்கு வெளியே துருத்திக்கொண்டு. அரசு அலுவலர்களுக்காகக் கட்டியவையாம். கீழே நடந்தவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மே 15, கார்நார்வன்

மழை. இங்கே கோபுரங்கள் பட்டைப் பட்டையாக, பல கோண வடிவில். சுவரில் இரு நிறக் கல் வரி. கான்ஸ்டான்டினோபிள் மதிலைப் பார்த்து வைத்தது என்பார்கள். வெளியிலிருந்து கம்பீரம், உள்ளே வந்து ராஜா வாசலின் பின்பக்கம் பாருங்கள். அடுத்த சுவரைக் கோத்துக்கொள்ள வசதியாகக் கற்களை ஒன்றுவிட்டு ஒன்று நீட்டி விட்டிருக்கிறார்கள். அடுத்த சுவர் வரவே இல்லை.

மே 16, பியூமாரிஸ்

1294இல் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்து கார்நார்வனையே பிடித்துவிட்டார்கள். அடக்கிய பிறகு, 1295இல் எட்வர்ட் தொடங்கியது இது. சதுப்பு நிலம், பாறை கிடையாது. அதனால் மதிலுக்குள் மதில், சுற்றி அகழி. வரைபடத்தில் எவ்வளவு ஒழுங்கு! ஆனால் கோபுரங்கள் எல்லாம் மொட்டை. தலையில் ஒரு தளம் வெட்டி எடுத்த மாதிரி நிற்கின்றன.

காரணம் ஜேம்ஸே எழுதிய கடிதத்தில் இருக்கிறது. 1296 பிப்ரவரி, கருவூலத்துக்கு. 400 கொத்தனார்கள், 2,000 சித்தாட்கள், 200 கல் உடைப்பவர்கள், 30 படகுகள். வாரச் செலவு 250 பவுண்ட். கூலி பாக்கி நிற்கிறது, சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று கேட்கிறார். கடைசியில், கடவுள் பேரால் சீக்கிரம் பணம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்கிறார். அகழி ஓரம் உட்கார்ந்து அதை இரண்டு தரம் படித்தேன். என் கடைசி பில் பதினான்கு மாதம் இழுத்தது. ஏழு கடிதம் போட்டேன், ஒன்றிலும் கடவுளைக் கூப்பிடத் தோன்றவில்லை.