ஊசியில் குத்திய அந்துப்பூச்சி: ஸ்கேலை எந்த உயரத்தில் வைப்பது?

இறக்கை நீளத்தைப் படத்திலிருந்து அளக்க, படத்தில் ஸ்கேல் இருந்தால் மட்டும் போதாது, அது இறக்கையின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். 38 மி.மீ. ஊசியில் குத்திய பூச்சி தெர்மாகோலிலிருந்து சுமார் 15 மி.மீ. உயரத்தில் நிற்கும். ஸ்கேலைக் கீழே கிடத்திவிட்டு, இறக்கைக்கு 200 மி.மீ. மேலே லென்ஸை வைத்து எடுத்தால், 50 மி.மீ. முன்னிறக்கை சுமார் 54 என்று காட்டும். 500 மி.மீ. தள்ளிப்போனாலும் 51.5 வரும். பிளாஸ்டிக் ஸ்கேலில் 3 செ.மீ. துண்டு வெட்டி, தெர்மாகோல் கட்டை மேல் ஒட்டி, இறக்கை உயரத்துக்கு ஏற்றினால் தீர்ந்தது. பிரிண்ட் எடுத்த கிராஃப் தாள் வேண்டாம், பிரிண்டர் பக்கத்துக்குள் அடக்கக் கட்டத்தைச் சுருக்கியிருக்கும்.

ஸ்கேல் காட்டிக்கொடுக்காத பிழை, சாய்வு. 20 டிகிரி சாய்ந்தால் 50 மி.மீ. இறக்கை 47 ஆகிவிடும். லென்ஸ் துளையை அகலத் திறந்து (எஃப்/4), இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். நுனி மங்கலாக இருந்தால் சாய்ந்திருக்கிறது. ஊசியைத் திருத்திவிட்டு, துளையைச் சுருக்கி எஃப்/8-இல் அசல் படம். இரண்டு இறக்கையும் 'V' மாதிரி தூக்கி நின்றால் ஒரு பக்கத்தை மட்டும் மட்டமாக்கி அளந்தால் போதும். மொபைல் என்றால் அகல லென்ஸ் வேண்டாம், தள்ளி வைத்து 2 மடங்கு ஜூம்.

வெளிச்சத்துக்கு இரண்டு பக்கமும் எல்.இ.டி., விளக்குக்கும் பூச்சிக்கும் நடுவே டிரேசிங் பேப்பர். நேர் ஃபிளாஷில் செதில் பளிச்சிட்டு நிறம் கெடும். பின்னணி சாம்பல் அட்டை. வெள்ளை வைத்தால் பூச்சி கறுத்துப்போகும்.

படத்தில் நீளம் அளக்கும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருளில் ஸ்கேலின் 20 மி.மீ. மேல் கோடு இழுத்து அளவைப் பதிந்த பிறகு, முன்னிறக்கை மார்போடு சேரும் இடத்திலிருந்து நுனி வரை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கவும். ஓர மயிரைச் சேர்க்காதீர்கள், பழைய பூச்சியில் அது உதிர்ந்திருக்கும். 1892–96-இல் வந்த ஹாம்ப்சனின் இந்திய அந்துப்பூச்சித் தொகுதிகளில் இருப்பது விரித்த இறக்கையின் மொத்த அகலம். முன்னிறக்கை நீளத்தை அதோடு நேராக ஒப்பிட முடியாது.

அளவு மட்டும் பெயர் சொல்லாது. எள்ளுச் செடியில் புழுவாகத் தின்னும் அகெரோன்டியா ஸ்டிக்ஸ் என்ற அந்துப்பூச்சியும் அதன் உறவான அகெரோன்டியா லாகெசிஸும் அளவில் ஒன்றோடொன்று கலக்கும். பின்னிறக்கை உடலோடு சேரும் பகுதி மஞ்சளா, கறுப்புத் திட்டா என்று பார்க்க வேண்டும், லாகெசிஸில்தான் கறுப்பு. முன்னிறக்கை மூடியிருந்தால் தெரியாது. காய்ந்ததை இழுத்தால் ஒடியும். மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சு, பூச்சியில் தண்ணீர் படாமல், ஒன்றிரண்டு நாள் வைத்தால் இளகும். பச்சை நிற அந்துகளை மட்டும் முதலிலேயே படமெடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் பச்சை வெளிறிவிடும்.