மராகேஷில் கத்திய காகங்கள்

காசாபிளாங்காவில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் மராகேஷ். செம்மண் நிறச் சுவர்கள், ஜெமா எல்ஃப்னா சதுக்கம், பாம்பாட்டிகள் எல்லாம் யூடியூபில் பார்த்திருப்பீர்கள், விடுங்கள். நான் போனது மொராக்கோ நடன அமைப்பாளர் புஷ்ரா உயிஸ்கெனின் 'கோர்போ' என்ற நடன நிகழ்ச்சியைப் பார்க்க. பிரெஞ்சில் காகங்கள் என்று அர்த்தம்.

மேடை இல்லை, விளக்கு இல்லை, இசையும் இல்லை. சாயங்கால வெயிலில் ஒரு திறந்தவெளியில் நின்றோம். கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாகப் பெண்கள் நடந்து வந்து ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். இளம்பெண்களும் உண்டு, பேரன் பேத்தி எடுத்த வயதுக்காரர்களும் உண்டு. திடீரென்று ஒருவர் தலையைப் பின்னால் வெட்டிக் கத்தினார். அடுத்தவர். அப்புறம் எல்லோரும். கழுத்து முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அலறல்.

என்னிடமிருந்து இரண்டடியில் நின்ற அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தலைத்துணியின் ஓரம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது, கத்தலுக்கு நடுவே மூச்சு இரைப்பது தனியாகக் கேட்டது. முதலில் எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளம் பிடித்து இழுத்துக்கொண்டது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

புஷ்ரா 1980இல் உவார்சாசாத்தில் பிறந்தவர், மராகேஷில் நடனக் குழு வைத்திருக்கிறார். நடனப் பள்ளிகளில் ஆள் தேடாமல் 'ஐத்தா' என்ற நாட்டுப்புறப் பாட்டைத் தொழிலாகப் பாடும் ஷீகாத் பெண்களைத் தேடிப் போனார். கல்யாணத்துக்கு இவர்கள் பாட்டு வேண்டும். ஆனால் தன் வீட்டுப் பெண் அந்தத் தொழிலுக்குப் போனால் மானம் போய்விடும். நம்மூர் கரகாட்டக்காரர்களைக் கேட்டால் இதே கதையைச் சொல்வார்கள். அந்த ஷீகாத் பெண்களோடு 2009இல் 'மேடாம் பிளாசா' என்ற நடனத்தைச் செய்தார். மேடையில் மெத்தைகள், அவற்றின் மேல் சாவகாசமாகப் புரளும் கனத்த உடல்கள். 'கோர்போ' 2014இல் வந்தது. போகிற ஊரில் உள்ளூர்ப் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அதே மராகேஷில் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் ராத்திரிச் சாப்பாட்டோடு இடுப்பாட்டமும் உண்டு. 'கோர்போ'வில் பார்ப்பவரைக் குஷிப்படுத்தும் அசைவு ஒன்றுகூட இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

திரும்பும்போது டாக்சிக்காரருக்கு வீடியோவைக் காட்டினேன். "இதுக்குப் பேர் டான்ஸா? ஹமத்ஷாக்காரங்க ராத்திரி பூரா இப்படித்தானே பண்றாங்க" என்று சிரித்தார். சரியாகத்தான் சொன்னார். ஹமத்ஷா என்பது ஒரு சூஃபி பிரிவு. தலையை உலுக்கிப் பரவசம் தேடும் சூஃபி சடங்குகள் மொராக்கோவில் இன்னும் நடக்கின்றன. அந்த உலுக்கலை மட்டும் தனியே எடுத்துப் பட்டப்பகலில் நிறுத்தியதுபோல்தான் எனக்கும் பட்டது.

நடனத்துக்காகவே மராகேஷ் போகிறவர்கள் 'ஓன் மார்ஷ்' விழாவின் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். தவ்ஃபீக் இஸெத்தியூ 2005இல் தொடங்கிய சமகால நடன விழா அது. 'கோர்போ' எங்கே நடந்தாலும் முன்னால் போய் நில்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் மட்டும் தள்ளியே இருங்கள். என் பக்கத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுததில், இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள்.