நிற்கும் நேரத்தின் குளிர்: அதிகாரிப் பயிற்சிக்கு நான் தயாரான விதம்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானதும் அகாடமியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வரும். எவ்வளவு தூரத்தை எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும், எத்தனை புஷ்-அப், எத்தனை புல்-அப் என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். நான் சேர வேண்டிய பயிற்சித் தொகுதி (பேட்ச்) நடுக்குளிர்காலத்தில் தொடங்குவது. ஆனால் குளிரைப் பற்றி என் கடிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரிதான்: கதகதப்பான உடைகளைக் கொண்டு வரவும்.

அந்த வரியை விரித்துச் சொன்னவர், அதே பயிற்சியை முன்பே முடித்திருந்த ஒரு சீனியர். "ஓடும்போது யாருக்கும் குளிராது. அதிகாரிப் பயிற்சியில் பாதி நேரம் நீ நின்றுகொண்டுதான் இருப்பாய். அதற்குத் தயாராகு" என்றார். என் தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு பேச்சைச் சுற்றியே அமைந்தது. பயிற்சி முடிந்த பிறகு யோசித்தாலும், குளிர்காலத் தொகுதியில் சேரப்போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆலோசனை எனக்குத் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். மலைச்சரிவில் முதுகுப்பையோடு ஒரு மணி நேரம் ஏறுகிறீர்கள். உள்ளாடை வியர்வையில் நனைந்துவிடுகிறது. பிறகு படைப்பிரிவு நிற்கிறது. மற்றவர்கள் சுற்றிலும் காவலுக்குப் படுத்துக்கொள்ள, அன்று தலைமைப் பொறுப்பில் இருக்கும் கேடட் (பயிற்சி பெறுபவர்) முன்னே போய் உத்தரவு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வரைபடத்தை விரிக்க வேண்டும், திசைகாட்டியில் கோணம் எடுக்க வேண்டும், நேரத்தைக் கணக்கிட வேண்டும். திரும்பி வந்து தன் ஆட்களுக்கு அதே உத்தரவைத் தன் வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும். இத்தனையும் அசையாமல், பெரும்பாலும் தடித்த கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்கிற வேலை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தைக் கடத்தும். ஏறும்போது சுரந்த வியர்வை, நின்றதும் அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதிகாரியாகப் போகிறவரின் மூளையும் விரல்களும் மிகச் சரியாக இயங்க வேண்டிய நேரமும் அதுதான்.

ஆகவே ஓட்டப் பயிற்சியோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஓடி முடித்ததும் உடனே வீட்டுக்குள் போவதில்லை. பையிலிருந்து தடித்த மேலங்கியை எடுத்து முதலில் போட்டுக்கொள்வேன். குளிர ஆரம்பித்த பிறகு போடுவதில் பாதிப் பயன்தான். பிறகு அங்கேயே ஒரு முழங்காலில் அமர்ந்து, வரைபடத்தின் கட்டங்களை வைத்துச் சில இடங்களைக் குறிக்கும் ஆறு இலக்க எண்களை எழுதி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கான கோணத்தை எடுத்து, ஒரு சிறிய உத்தரவை முழுமையாக எழுதுவேன். எழுதியதை உரக்கப் படிப்பேன். குளிரில் முகத்தசை விறைத்திருக்கும்போது 'ர', 'ழ' எல்லாம் குழறும். குரலை மெதுவாக்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டால் தெளிவு வருகிறது. இதெல்லாம் உடம்பு கற்றுக்கொள்கிற விஷயம். படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

விரல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேனா உதவாது, மை இறுகிவிடும். பென்சில்தான். அதுவும் மெல்லிய பென்சில் விறைத்த விரலில் நிற்பதில்லை, அதனால் துணிப்பட்டியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டேன். தடித்த கையுறைக்குள் மெல்லிய உள்கையுறை ஒன்றை எப்போதும் அணிந்திருந்தேன். வெளிக்கையுறையைக் கழற்றினாலும் அது தோலைக் காக்கும். உலோகத்தை வெறுங்கையால் தொட வேண்டியிருக்காது. பையின் கொக்கியைப் போடுவது, பூட்ஸ் கயிற்றை முடிவது, டார்ச்சில் பேட்டரி மாற்றுவது எல்லாவற்றையும் அந்த உள்கையுறையோடு, பார்க்காமல், இருட்டில் செய்து பழகினேன். குளிர்காலத்தில் இரவு நீளம். வரைபடம் பார்த்து நடக்கும் பயிற்சியின் பெரும்பகுதி இருட்டில்தான் நடக்கிறது.

குளிரில் வைத்த விரலில் முதலில் ரத்த நாளங்கள் சுருங்கும், வலிக்கும், மரத்துப்போகும். சில நிமிடங்கள் கழித்து நாளங்கள் தாமாக விரிந்து விரல் கொஞ்சம் சூடாகும், மறுபடி சுருங்கும். இதை 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விரல்களைப் பனிநீரில் வைத்துப் பார்த்து விவரித்தார். இந்தத் தன்மை ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு எவ்வளவு நேரத்தில் விரல் விறைக்கிறது, கையை அக்குளில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டது பயிற்சியில் பெரிய பலமாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெயிலுக்கு உடம்பு இரண்டு வாரத்தில் நன்றாகப் பழகிவிடும். குளிருக்கு அப்படிப் பழகுவதில்லை. மாற்றம் சிறிதளவே. எனவே தினமும் பனிநீரில் குளித்து உடம்பை 'இரும்பாக்கிக்கொள்ளலாம்' என்று நம்பி வருத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பழக வேண்டியவை கையும் கண்ணும் ஒழுங்கும். வெளியே அமர்ந்து பழகும்போது அருகில் யாராவது இருப்பது நல்லது. விரல்நுனி வெளுத்து உணர்வற்றுப் போனால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பமானி -10 டிகிரி செல்சியஸ் காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது -20 போல இருக்கும். அண்டார்டிகாவில் பிளாஸ்டிக் உருளைக்குள் இருந்த தண்ணீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்த சைப்பிள், பாசெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் வேலையிலிருந்து வளர்ந்த கணக்கு இது.

உடையைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான்: ஒரே தடித்த உடையைவிடப் பல மெல்லிய அடுக்குகள், தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போதும், எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். புறப்படுவதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். கொஞ்சம் குளிர்கிற நிலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடம் சுகமாக இல்லாவிட்டாலும், நிற்கும்போது உள்ளே ஈரம் இருக்காது.

புஷ்-அப், புல்-அப், தூர ஓட்டத்துக்கெல்லாம் குளிர்காலம் பெரிய வேறுபாடு எதையும் கொண்டுவருவதில்லை. உடம்பைச் சூடாக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும். சுமை நடையை 10 கிலோவில் தொடங்கி 20 கிலோ வரை மெதுவாகக் கூட்டினேன். சுமையோடு ஓடவே இல்லை.

அடுத்தது கால். இதில் ராணுவங்கள் கொடுத்த விலை பெரிது. முதல் உலகப் போரில் 1914-15 குளிர்காலத்தில், நீர் தேங்கிய அகழிகளில் நாள்கணக்கில் நின்ற பிரிட்டிஷ் வீரர்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பாதம் வீங்கி, மரத்து, அழுகியது. டிரெஞ்ச் ஃபுட் (அகழிப் பாதம்) என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதற்கு உறைபனி தேவையில்லை. உறைநிலைக்கு மேலான குளிரும் ஈரமும் நீண்ட நேரமும் இருந்தால் போதும். அதைக் கட்டுப்படுத்தியது மருந்தைவிட ஒழுங்குதான். காலுறையை மாற்றுவது, திமிங்கல எண்ணெய் தேய்ப்பது, இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்களின் பாதங்களுக்கு அதிகாரியைப் பொறுப்பாக்கியது. இந்தக் கடைசி ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அதிகாரியின் கடமைப் பட்டியலில் பிறர் பாதத்தைக் குனிந்து பார்ப்பதும் உண்டு என்று ஒரு படை எழுதி வைத்தது.

பூட்ஸை நான் வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்தேன், தடித்த காலுறையோடு விரல்கள் அசையும் அளவுக்கு. குளிருகிறதே என்று இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். நீண்ட நடைக்கு நடுவே நின்று காலுறை மாற்றுவதையும் நேரம் பார்த்துப் பழகினேன். பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, பவுடர் போட்டு, உலர்ந்ததை மாட்டி, ஈரமானதை நெஞ்சோடு ஒட்டி உள்ளே வைத்து, மறுபடி கயிறு கட்டும் வரை. உடல்சூட்டில் அது அடுத்த நிறுத்தத்துக்குள் ஓரளவு உலர்ந்துவிடும்.

பயிற்சி தொடங்கியதும் இவையெல்லாம் உடனே கைகொடுத்தன. ஆனால் பயிற்சியில் எங்களை மிகவும் சோதித்த இரவு, பனி பெய்த இரவு அல்ல. உறைநிலைக்குச் சில டிகிரி மேலே, விடாத சாரலும் காற்றுமாக இருந்த இரவு. பனியைத் தட்டிவிடலாம், மழை உள்ளே இறங்கிவிடும். 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் 4 பேர் ஹைப்போதெர்மியாவால், அதாவது உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, இறந்தது பனிமலையில் அல்ல, ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில், தண்ணீருக்குள்.

அன்று எங்கள் சிறு குழுவான செக்‌ஷனின் பொறுப்பு என்னிடம் இருந்தது. உத்தரவைச் சொல்லி முடித்து ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எப்போதும் முதலில் பதில் சொல்லும் நண்பன் எதற்கோ எரிச்சலாக முணுமுணுத்தான். கையுறை கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை. தன் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன், முடியவில்லை. முணுமுணுப்பு, குழறல், கை நழுவல், கால் தடுமாறல் ஆகிய நான்கும் உடலின் உள்வெப்பம் குறையத் தொடங்கியதன் அடையாளங்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். தேறிவிட்டான் என்று தோன்றும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. இவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான். பயிற்சியாளருக்குத் தகவல் சொன்னேன், பயிற்சி நிறுத்தப்பட்டது. காற்று மறைவில் ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, தரையில் பாய் விரித்து உறக்கப்பைக்குள் வைத்து, சர்க்கரை கலந்த சூடான பானம் கொடுத்தோம். விடிவதற்குள் சரியாகிவிட்டான். "எரிச்சலாக இருந்ததே தவிர, குளிர்ந்ததாகவே தெரியவில்லை" என்றான் மறுநாள். குளிர் ஏறியவருக்குத் தன் நிலை தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் சேரும், மூடி திறக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். குளிரில் உடம்பு அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றும். பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும். உறக்கப்பைக்குள் மூச்சு விடக் கூடாது, உள்ளே ஈரமாகும். கீழே விரிக்கும் பாய், மேலே போர்த்துவதைவிட முக்கியம்.

குளிர்காலத் தொகுதிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றால், இன்றே செய்ய வேண்டியது பூட்ஸ் வாங்குவது. மற்ற எல்லாவற்றையும் சேர்வதற்கு முந்தைய வாரத்தில்கூடத் தேடிவிடலாம். பூட்ஸ் காலுக்குப் பழக மட்டும் பல வாரங்கள் வேண்டும், அந்த வாரங்களைக் கடைசி நேரத்தில் எங்கிருந்தும் எடுக்க முடியாது.