கம்பெனி செலவில் டிரக் ஓட்டக் கற்றுக்கொண்டேன்

சங்ககிரியில் பிறந்தவனுக்கு லாரி புதிதில்லை. அப்பா இருபத்தெட்டு வருடம் ஓட்டினார், பெரும்பாலும் நாக்பூர், டெல்லி லைன். மகன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுதான் என்னை பி.காம் படிக்கவைத்தார். நானும் ஒரு புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி நர்ஸ். டெக்சஸில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்து, குடும்பத்துக்கே கிரீன் கார்டு வந்தது. டாலஸ் பக்கம் குடியேறி, இரண்டு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கில் வந்து ஒட்டி நிற்கும் 53 அடி டிரெய்லர்களைத் தினமும் பார்ப்பேன். அப்படித்தான் ஆசை வந்தது.

இங்கே பெரிய டிரக் ஓட்ட சிடிஎல் எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், அரசின் பதிவேட்டில் உள்ள பள்ளியில் பயிற்சி முடித்தால்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கே போக முடியும். நண்பனின் வண்டியில் பழகிவிட்டு நேராகப் போய் நிற்கிற வழி அடைபட்டுவிட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கேட்ட கட்டணம் கையில் இல்லை. பெரிய லாரி கம்பெனிகள் தாங்களே பயிற்சி கொடுத்து, உரிமமும் எடுத்துக்கொடுத்து, வேலையும் தருகின்றன. 'இலவசப் பயிற்சி' என்று விளம்பரம் வரும். அது இலவசம் இல்லை. ஒரு வருட உழைப்பை முன்கூட்டியே அடகு வைக்கிறோம். அதை முதலிலேயே தெரிந்துகொண்டு போனதால்தான் நான் தப்பித்தேன்.

தெரிந்துகொண்டது என் சாமர்த்தியம் இல்லை. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, நான் படிக்கறேன்" என்று சொன்னது மனைவிதான். இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தங்களை அவள் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். இரண்டிலும் பயிற்சிச் செலவு ஆறாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. இரண்டிலும் ஒரு வருடம் வேலை செய்தால் பணம் கட்ட வேண்டாம். ஆனால் ஒன்றில், பதினோராவது மாதத்தில் விலகினாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும். மற்றதில், வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழியும். கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்போதும் நாம்தான் கட்ட வேண்டுமாம், இரண்டு இடத்திலும். மாதாமாதம் கழிகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த வழியில் போக நினைப்பவர்கள், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கம்பெனியே நீக்கினால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது: தகுதி இருந்தால், அரசு வேலைவாய்ப்பு மையங்கள் பயிற்சிக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன. அங்கே முதலில் விசாரித்துவிட்டுக் கம்பெனிக்குப் போவது நல்லது.

மருத்துவப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ரத்த அழுத்தம் 146க்கு 92 இருந்ததால், இரண்டு வருடச் சான்றிதழுக்குப் பதில் ஒரு வருடத்துக்குத்தான் கொடுத்தார்கள். பழகுநர் உரிமத்துக்குக் கணினியில் தேர்வு. வண்டி ஓட்டுவது பற்றிப் பொதுவாக 50 கேள்வி, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் பற்றி 25, டிரெய்லர் இணைத்த வண்டி பற்றி 20, இதோடு டெக்சஸ் விதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எண்பது வாங்க வேண்டும். அரசுக் கையேட்டை இரண்டு முறை ஊன்றிப் படித்தால் போதும். அந்தப் பழகுநர் உரிமம் கைக்கு வந்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம்.

பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில், அறைக்கு இரண்டு பேராகத் தங்கவைத்தார்கள். என்னை முதலில் திணறடித்தது ஸ்டியரிங் இல்லை, வாய். ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, பெயர் சொல்லி, நிலைமையையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். விரிசல் இல்லை, வளையவில்லை, உடையவில்லை, சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. முன் டயரின் மேல்பட்டையில் உள்ள பள்ளத்தின் ஆழம் ஓர் அங்குலத்தில் 32இல் நான்கு பங்குக்குக் குறையக்கூடாது, மற்ற டயர்களில் இரண்டு பங்கு. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். அறைத்தோழர் தூங்கியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். ஊரில் அப்பா விடியற்காலையில் இரும்புக்கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் மௌனமாகச் செய்த வேலைக்கு நான் வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இதில் ஏர் பிரேக் சோதனை தனி. அதில் ஒரு படி விட்டால் தேர்வு அங்கேயே முடிந்தது. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இறங்கவில்லை என்று காட்ட வேண்டும். பெடலை மிதித்துப் பிடித்தபடி 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால், 55க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். இன்னும் குறைத்தால், 45க்கும் 20க்கும் இடையில் பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் பொத்தானும் டிரெய்லருக்குக் காற்று அனுப்பும் சிவப்புப் பொத்தானும் தானாகவே வெளியே தெறிக்கும். முதல்முறை அந்தச் சத்தம் கேட்டபோது உடம்பு தூக்கிப்போட்டது. காற்று போனால் வண்டி ஓடிவிடாது, நின்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் மனதில் உறைத்தது.

அப்புறம் ரிவர்ஸ். ஊரில் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் இறங்கிப் பின்னால் போய், பாடியைத் தட்டிக்கொண்டே "வரட்டும், வரட்டும்... போதும்" என்பான். இங்கே கிளீனர் கிடையாது. டிரெய்லரோ நாம் திருப்பும் திசைக்கு எதிராகப் போகும். மூன்று நாள் கூம்புகளை இடித்துத் தள்ளினேன். வாத்தியார் ஒரு வழி சொன்னார்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார் என்பார். அதற்கு 'கோல்' (GOAL, Get Out And Look) என்று ஒரு சுருக்கப்பெயரே இங்கே உண்டு. அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னபோது, அவரும் அதையேதான் சொன்னார். "அவசரப்படாதே சாமி. சந்தேகம்னா எறங்கிப் பாரு. எறங்கறதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டே." தேர்வில் முதல்முறை ரிவர்ஸில் கோட்டைத் தாண்டித் தோற்றேன். நான்கு நாள் கழித்து மறுபடி போய்த் தேறினேன். பயிற்சி வண்டி ஆட்டோமேட்டிக் என்பதால், கியர் வண்டி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் உரிமத்தில் ஏறிவிட்டது.

உரிமம் வாங்கியதும் வேலை ஆரம்பித்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நான்கு வாரம் ஒரு பயிற்சியாளரின் வண்டியில் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரோடு, மேல் படுக்கை, கீழ் படுக்கை என்று ஒரு சின்ன அறையில் குடித்தனம். வாரச் சம்பளம் கிடங்கில் வாங்கியதைவிடக் குறைவு. முதலில் கிடைத்தவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிப்பார். நான்காம் நாளே என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி, இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலை, மழை. கற்றுக்கொடுக்க வேண்டியவர் தூங்கினால் அது பயிற்சி இல்லை. ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு பேர் ஓட்டும் தூரத்தை வாங்கும் வழி. எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு. மறுநாள் ஆபீஸுக்குப் போன் செய்து வேறு ஆள் கேட்டேன். மூன்று நாள் ஒரு டிரக் ஸ்டாப்பில் காத்திருந்தேன், அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லாமல். கேட்டது சரிதான். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து பலர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாவதாக வந்தவர் அலபாமாக்காரர், அறுபது வயதுக்கு மேல். நான் ஓட்டும்போது அவர் கண்ணை மூடியதே இல்லை. நேரக் கணக்கை அவரிடம்தான் கற்றேன். ஒரு நாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பிறகு 10 மணி நேர ஓய்வு. வண்டியில் இருக்கும் மின்னணுக் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதிக்கொள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டிரக் ஸ்டாப்பில் இடம் கிடைக்காது, அதனால் காலையில் கிளம்பும்போதே ராத்திரி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய் என்பார்.

டென்னசியில் மாண்டீகிள் மலை இறக்கத்துக்கு முன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். உச்சியிலேயே வேகத்தைக் குறைப்பேன், எஞ்சின் பிரேக்கைப் போடுவேன், மணிக்கு 40 மைல் வேகத்தைத் தொட்டால் அழுத்தி மிதித்து 35க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுவேன் என்றேன். தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இறங்கி முடிக்கும்வரை எனக்குத் தொப்பூர் கணவாய்தான் நினைவில் இருந்தது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கிய எத்தனை வண்டிகள் அங்கே விபத்தில் போயிருக்கின்றன! அப்பாவோடு ஓட்டிய ஒருவர் அப்படித்தான் திரும்பி வரவில்லை. அப்பா என்னைப் படிக்கவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேர நினைக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலத்தில் சாலைப் பலகை படிக்கவும் அதிகாரியிடம் பதில் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 25 முதல், அது முடியாத ஓட்டுநரைச் சோதனை நடந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். கிரீன் கார்டு இல்லாமல் வேலை அனுமதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கான விதிகளும் 2025 செப்டம்பரிலிருந்து கடுமையாகி, மாறிக்கொண்டே இருக்கின்றன. உரிம அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாக எடுத்துப் போன முதல் லோடு ஓக்லஹோமா சிட்டிக்கு, காகிதச் சுருள்கள். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் ஒரே ஒரு டாக் காலி. ஐந்து முறை இறங்கிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ரப்பர் தாங்கியில் டிரெய்லர் மெதுவாகத் தட்டி நின்றதும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை. வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டார்.

"பின்னாடி யாரு சாமி தட்டினது?"

"யாரும் இல்லப்பா. நானே எறங்கிப் பாத்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.