தேவ் விராசாமியும் ஒட்டிக்கொண்ட 'ல'வும்

மொரீஷியஸ் கவிஞர் தேவ் விராசாமி (1942–2023) எடின்பரோவில் மொழியியல் படித்தவர். பிரெஞ்சிலிருந்து பிறந்து ஊரே பேசும் கிரியோல் மொழியைக் 'கொச்சைப் பிரெஞ்சு' என்று படித்தவர்கள் ஒதுக்கியபோது, அதை 'மொரிசியேன்' என்றழைத்து அதிலேயே கவிதையும் நாடகமும் எழுதினார்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள்தான் இந்த மொழியில் அதிகம் சறுக்குவார்கள். வீடு 'லகாஸ்'. முன்னால் இருக்கும் 'ல', பிரெஞ்சில் ஆங்கில 'the' போன்ற தனிச்சொல்; அந்த வழக்கப்படி இங்கே பிரித்து எழுதினால் தப்பு. அது சொல்லோடு ஒட்டிப்போய்விட்டது. 'அந்த வீடு' என்றால் பின்னால் இன்னொரு 'லா' வேண்டும்: 'லகாஸ் லா'. காலம் காட்டுவதும் தனிச்சொல்தான்: 'மோ தி மான்ஸே' சாப்பிட்டேன், 'மோ பூ மான்ஸே' சாப்பிடுவேன். நம் விகுதிகளோடு ஒப்பிட்டால் சுகமான வேலை!

கறிவேப்பிலை அங்கே 'காரிபுலே'. தமிழ்ச் சமையலறையிலிருந்து போன சொல். 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடம்.