நண்டின் நெற்றியைப் பார்
அடையாறு முகத்துவாரச் சேற்றில் இன்று காலை ஒரு பிடில் நண்டு பெரிய கொடுக்கை ஆட்டியது. எனக்கான வரவேற்பு அல்ல. பெண் நண்டுக்கு ஆண் விடும் அழைப்பு. குறிப்பேட்டில் பழைய நினைப்பில், நெருங்கிய இனங்களைச் சேர்த்த பேரினத்தின் பெயராக ‘ஊகா’ என்று எழுதி அடித்தேன். 2016இல் அந்தப் பேரினத்தை 11ஆகப் பிரித்துவிட்டார்கள், பாவி மனிதர்கள்! எந்த இனம் என்று கண்டுபிடிக்க நிறத்தை நம்ப முடியாது. ஒரே நண்டே நிறம் மாற்றும். கண்காம்புகளுக்கு இடையே நெற்றி எவ்வளவு அகலம், கொடுக்கின் உட்புறம் எப்படி என்று குனிந்து பார்ப்பதற்குள் வளைக்குள் போய்விடுகிறது.

பெசன்ட் நகர் அலையோரத்தில் கிடைத்த, நண்டு போன்ற சிறு உயிரியான எமரிடாவுக்குக் கொடுக்கே இல்லை. பின்பக்கமாக மணலில் புதையும் இது உண்மை நண்டுகளின் கூட்டத்தில் சேராது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, “குழம்புக்கு என்ன தேறும் தம்பி?” என்றார்.