நான்கு குப்பிகள், ஒரு சிச்சுவான் கடை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மணம் தெரியாமல் போன என் மூக்குக்குத் தினமும் பயிற்சி, நான்கு குப்பி. ரோஜா: இல்லை. யூகலிப்டஸ்: மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி மட்டும். எலுமிச்சை: இல்லை. கிராம்பு: இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பூட்டிக் கிடந்த மூலைக்கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். சிவப்புப் பலகை, சீனாவின் சிச்சுவான் பகுதிச் சாப்பாடு. கண்ணாடியில் ஒட்டியிருந்த மெனுவை நின்று முழுக்கப் படித்தேன். மாபோ டோஃபு (காரக் குழம்பில் சோயாக் கட்டி), மிளகாய்க் குவியலுக்குள் கோழி, கொதிக்கும் மிளகாய் எண்ணெயில் மீன், டான் டான் நூடுல்ஸ், ஹாட்பாட். பசி என்று சொல்ல முடியாது. படிக்கப் பிடித்திருந்தது.

யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. தொண்டை கமறி, இருமல் பிடித்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. காய்ந்த மிளகாயை வறுக்கும் நெடி! மணம் கொஞ்சமும் தெரியவில்லை, ஆனால் நெடி வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளில் ஒரு சமையலறை என்னிடம் ஏதோ சொன்னது இன்றுதான்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "இருமல் வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று பதில். அடுத்த நிமிடமே, "ஞாயிற்றுக்கிழமை போவோம்டி."

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கம் இல்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன், திரும்ப வந்து படுத்தேன், மறுபடியும் போனேன். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஊருக்கெல்லாம் அது போதும்.

அக்கா வேறு இடம் போக வேண்டிய அந்தக் கடிதம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செவ்வாய் வந்த நெடி மனதை விட்டுப் போகவில்லை. படித்துக்கொண்டே இருக்கிறேன். காரம் மூக்கின் மண நரம்பு வழியாகவும் வருவதில்லை, நாவின் சுவை மொட்டுகள் வழியாகவும் வருவதில்லை. முகம் முழுக்கக் கிளை விரித்திருக்கும் முக்கிளை நரம்பு வழியாக வருகிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் ஒரு கதவு நரம்பு முனையில் இருக்கிறது. மிளகாயில் எரிச்சல் தரும் பொருளான காப்சைசின் அதே கதவைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் சேதி 'சுடுகிறது' என்பதுதான். விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்படியானால் யூகலிப்டஸின் குளிர்ச்சியும் இந்த வழியில்தான் வருகிறது. காலையில் அந்தக் குப்பியில் மட்டும் ஏதோ தெரிகிறதே என்று நான் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை வேறு நரம்புக்குச் சொந்தம்.

இதைத் தெரிந்துகொண்டதில் வருத்தம்தான் அதிகம். ஆனால் ஒரு வழி அடைபட்டுக் கிடக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்று திறந்திருக்கிறது என்பதும் உண்மை. சிச்சுவான்காரர்கள் அந்த வழிக்கென்றே சமைத்திருக்கிறார்கள். மிளகாய் மட்டும் இல்லை, சிச்சுவான் மிளகும் இருக்கிறது. அது எரிக்காது, மரத்துப் போகச் செய்யும். இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அதைப் பொடித்து உதட்டில் தடவிவிட்டு, அந்த நடுக்கத்தை விரலில் பட்ட அதிர்வோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். நொடிக்கு சுமார் 50 அதிர்வு என்று வந்தது. 2013-இல் வந்த ஆய்வு. அசையாத உதடு அசைவதாக நரம்பு நம்புகிறது!

நாளை மறுநாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனோம். இரவு பதினொரு மணி ஆகிறது, எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கூட்டம். புதுக்கடை என்பதால் பாதிப்பேர் பார்க்க வந்தவர்கள். சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர், உள்ளே வாணலியின் மேலே தீ எழும்பி அடங்குகிறது. அக்கா உள்ளே கால் வைத்ததும் மூச்சை இழுத்தாள், இழுத்தவுடன் என் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்ல, சொல்லுக்கா," என்றேன்.

"என்ன சொல்ல?"

"என்ன மணக்குதுன்னு."

அவள் யோசித்துச் சொன்னாள். "முதல்ல மிளகாய் எண்ணெய். அது மேல நிக்குது. கீழ பூண்டு, இஞ்சி. அப்புறம் ஏதோ புளிச்சது, உப்பா, கொஞ்சம் மண்ணு மாதிரி." அந்தப் புளித்தது டோபன்ஜியாங்காக இருக்க வேண்டும். அகன்ற அவரையையும் மிளகாயையும் உப்பிட்டு மாதக்கணக்கில் நொதிக்கவிடும் விழுது. சிச்சுவானின் தலைநகர் செங்து பக்கத்தில் இருக்கும் பிக்ஸியன் அதற்குப் பேர்போனது.

மாபோ டோஃபு முதலில் வந்தது. செங்துவில் சென் என்ற குடும்பத்தின் சிறு கடையில் 1862 வாக்கில் தொடங்கியதாகச் சொல்வார்கள். மண்சட்டியில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த உணவைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மணம் இல்லாதவளுக்கு மற்ற எல்லாவற்றையும் கொடுக்கிறது. டோஃபு நாக்கில் வைத்ததும் உடைகிறது. மேலே தூவிய இறைச்சித் துணுக்குகள் மொறுமொறு என்கின்றன. சூடு அண்ணத்தைத் தொடுகிறது. எண்ணெய் உதட்டில் படிகிறது. எரிச்சல் நாக்கின் நுனியில் தொடங்கிப் பின்னால் போகிறது. எல்லாம் வந்து முடிந்தது என்று நினைக்கும்போது உதட்டோரத்தில் மெல்ல ஒரு நடுக்கம். பிறகு நாக்கின் இரு பக்கமும். பிறகு எச்சில் ஊறுகிறது, நிற்காமல் ஊறுகிறது. தண்ணீர் குடித்தால் தண்ணீருக்கே ஒரு உலோகப் புளிப்பு. மரத்துவிட்ட வாய்க்கு எரிச்சல் குறைவாகத் தெரிகிறது, அதனால் இன்னும் ஒரு கரண்டி.

நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வாய் என்று ஒன்று எனக்கு இருப்பதே மறந்து போயிருந்தது. இன்று முழு வாயும் இருந்தது.

கோழி சீனாவின் சோங்சிங் நகர முறையில் செய்தது. தட்டு நிறையக் காய்ந்த மிளகாய், அதற்குள் கையால் தேட வேண்டிய அளவுக்குச் சின்னச் சின்ன மொறுமொறுத் துண்டுகள். மிளகாயைத் தின்னக் கூடாது, ஒதுக்கிவிட வேண்டும். பக்கத்து மேசையில் ஒருவர் அதைத் தின்றுவிட்டுத் தண்ணீராய்க் குடித்துக்கொண்டிருந்தார். அக்காதான் எழுந்து போய், "தண்ணி வேண்டாம் சார், பால் கேளுங்க, இல்லன்னா வெறும் சோறு சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். காப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் அதைப் பிடித்துக் கழுவிவிடும்.

திரும்பி வரும்போது அக்கா, "நல்லா இருந்துதாடி?" என்றாள். ரொம்ப என்றேன். உண்மைதான். வீட்டுக் கதவைச் சாத்தியதும் அழுதேன், அதுவும் உண்மைதான். அவள் சொன்ன அந்த மண் மணத்தை எவ்வளவு நினைத்துப் பார்த்தும் எனக்குள் கொண்டுவர முடியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வயிறு எரிகிறது. வெறும் கஞ்சி.

ஆகஸ்ட் 13, புதன்

நான்கு குப்பி, காலையும் மாலையும். ஒவ்வொன்றையும் சில நொடி மெல்ல முகர வேண்டும், முகரும்போது அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் என்பவர் 2009-இல் எழுதிய முறை, அதில் 12 வாரம். நரம்பு வளர நேரம் எடுக்கும் என்கிறார் மருத்துவர். பொறுமையாக இருங்கள் என்கிறார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கடிதம் பற்றி அக்கா பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தனியாகப் போனேன். மனது சரியில்லை. வாயை எரிக்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். மீன் சொன்னேன். காரம் போதவில்லை என்று சொன்னேன், கூட்டிக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதவில்லை என்றதும் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார்.

என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதற்கு மேல் கூட்ட மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு கிண்ணத்தில் காய்ந்த மிளகாய் எடுத்து வந்து மேசையில் வைத்தார். நீளமாக, சுருக்கம் விழுந்த எர்ஜிங்தியாவ் ஒன்று. அது மணத்துக்கும் நிறத்துக்கும். குட்டையாக, வானத்தைப் பார்த்துக் காய்க்கும் வகை மற்றொன்று. அது எரிச்சலுக்கு. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்டால் சாப்பாடு இல்லை, வெறும் வலி என்றார். எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. சமையல் தெரிந்தவர்கள் எங்கேயும் இதைத்தான் சொல்வார்கள். காரத்தை அளவுகோலாக வைத்து சிச்சுவான் சமையலைப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் அந்தப் பாதியிலேயே நிற்கிறேன்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்குப் போனது. 1591-இல் வந்த ஒரு சீன நூலில் அது இருக்கிறது, பார்க்க அழகான செடி என்ற கணக்கில். சிச்சுவான் மிளகு அதற்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கே இருந்தது. மரத்துப்போவது பழையது, எரிவது பிறகு வந்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அடுப்பு. மறுபடியும் அடுப்பு. கசிவு காட்டும் கருவியை இன்றே வாங்கி மாட்டிவிட்டேன். சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. இருந்தும் போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹாட்பாட். அக்காவுக்காக நடுவில் தடுப்பு வைத்த சட்டி, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. சிவப்பில் மாட்டுக் கொழுப்பு உருகி மேலே மிதக்கிறது, மிளகாய் புரள்கிறது. மாட்டு வயிற்றுத் தசையைக் கோலால் பிடித்து அமிழ்த்தி எடுத்து, அமிழ்த்தி எடுத்து, பதினைந்து நொடிக்குள் வாயில் போட வேண்டும். தாண்டினால் ரப்பராகிவிடும். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு. எண்ணெய் காரத்தை வாங்கிக்கொள்கிறது, சூட்டையும் ஆற்றுகிறது.

அக்கா இந்தத் தடவை கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். "கொழுப்பு மணம் கனமா இருக்கு. பட்டை, ஏலக்காய் எல்லாம் அடியில. இப்ப நீ எடுத்தியே, அதுல பூண்டு பச்சையா அடிக்குது." அவள் சொல்லும்போது சாப்பாடு வேறாகிறது. இதை அவளிடம் சொன்னால் கண் கலங்குவாள், எழுதி வைக்கிறேன்.

அவள் போய்விட்டால் யார் சொல்வார்கள்?

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நாற்றம். எரிந்த ரப்பரும் அழுகலும் கலந்த நாற்றம். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாற்றம் தெரிகிறது!

மருத்துவரைக் கூப்பிட்டேன். வளரும் நரம்புகள் ஆரம்பத்தில் தப்பாக இணைவதால் இப்படி ஆவதுண்டு, நல்ல அறிகுறியாக இருக்கலாம் என்றார். பூண்டு, வெங்காயம், காபி, வறுத்த இறைச்சி, பெரும்பாலும் இவைதான் கெட்டுத் தெரியுமாம்.

காபியும் போய்விட்டது. மதியம் தெரிந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதுவும் சாப்பிட முடியவில்லை. ஒன்றுமே இல்லாதது இதைவிடத் தேவலை என்று தோன்றுகிறது. நாளைக்கு மாறித் தோன்றும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போக வேண்டாம் என்றேன். அக்கா முன்பே பேசி வைத்திருந்தாள், பூண்டும் வெங்காயமும் இல்லாமல். வாசலைத் தாண்டும்போது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூலை மேசை, ஜன்னலோரம், சமையலறையிலிருந்து தள்ளி.

மீன் வந்தது. வெளிறிய குழம்பு, மேலே பச்சைச் சிச்சுவான் மிளகு கொத்தோடு, சூடான எண்ணெயை அதன்மேல் ஊற்றிய சத்தம் இன்னும் அடங்கவில்லை. சிவப்பு மிளகைவிடப் பச்சை கூர்மையானது. உதடு உடனே நடுங்கியது. பிறகு, எண்ணெயின் ஆவி முகத்தில் பட்டபோது, ஏதோ ஒன்று. ஒரு கணம்கூட இல்லை. நாற்றம் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

நான் கரண்டியை வைத்துவிட்டேன். அக்கா, "என்னடி?" என்றாள்.

"இது எப்படி மணக்குதுக்கா? யோசிக்காம சொல்லு."

"எலுமிச்சை."

இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு, சிச்சுவான் மிளகு எல்லாம் உறவு. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரவிவிடும் என்று அமெரிக்காவில் 1968 முதல் 2005 வரை இந்த மிளகை இறக்குமதி செய்யவிடாமல் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் படித்திருக்கிறேன், அதனால் என் மனதே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அக்கா விடவில்லை. கடைத் தம்பியிடம் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள், உள்ளங்கையில் தேய்த்தாள், என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினாள். சுற்றி இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும்.

"எது பச்சை?"

இடது என்றேன். மாற்றி வைத்தாள். வலது என்றேன். அக்கா பேசவில்லை. கட்டை அவிழ்த்தால் அவள் முகம் எல்லாம் ஈரம், காரத்தால் என்று சொன்னாள்.

கையைத் தேய்த்தபடி அவளிடமே கேட்டேன், இன்னொரு தடவை வை என்று. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது, பூண்டு நாற்றம் வந்துவிட்டது, எழுந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எலுமிச்சை: இல்லை. மாலையிலும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

அக்காவுக்குக் கடிதம் வந்துவிட்டது. செப்டம்பர் 12-க்குள் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் இருவரும் வைக்கவில்லை. "போற எடத்துலயும் இந்தச் சாப்பாடு கெடைக்கும், நீ வா," என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரோஜா இல்லை. கிராம்பு கெட்ட வாடையாக வருகிறது, குறித்து வைக்கிறேன். எலுமிச்சைக் குப்பிக்குப் பக்கத்தில் பச்சை மிளகைப் பொட்டலமாக வைத்திருக்கிறேன், கடைக்காரர் கொடுத்தது. காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஏழரைக்கு மேசை சொல்லியாகிவிட்டது. ஜன்னலோரம். அதே மீன், பூண்டு வேண்டாம். அக்கா ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன் என்கிறாள், கண் கட்ட வேறு துணி கொண்டு வருகிறாளாம்.